வைரவர் கல்லடியில் கற்பூரம்

திருகோணமலைத் துறைமுகத்தில் ஏலாதண்ணையைப் போல நம்பிக்கையற்ற மனிதன் இதுவரை பிறக்கவில்லை. எங்கள் கப்பல் முகவர் கந்தோரில் அவருக்கு வேலை, காற்றையும் அலையையும் பார்த்து, பயணிகளைக் கரையிறக்கலாமா என்று சொல்வது. கடலைப் பார்ப்பார், மூக்கைச் சொறிவார், "ஏலாது" என்பார். குளம்போலக் கிடக்கிற கடலுக்கும் அதே பதில்தான்; அந்தப் பேரும் அதால் வந்ததுதான்.

தேத்தண்ணி கேட்டாலும் "ஏலாது" என்றபடியே ஊற்றித் தருவார். கலியாணத்தில் ஐயர் தாலியை நீட்டியபோதும் அதையே சொன்னார் என்று அவருடைய மனைவி சத்தியம் பண்ணுவா.

போன வருசம் ஒரு சின்னச் சொகுசுக் கப்பல் வந்தது. ஆள் நடமாட்டமில்லாத இடங்களைத் தேடிப் பார்க்கிற வெள்ளைக்காரர்கள். குச்சவெளிக்கு வடக்கே, பாதையே இல்லாத ஒரு முனையில் இறங்க வேண்டுமாம். மேற்கே இருந்து அடிக்கிற கச்சான் காற்று அங்கே ஆளைப் பிடித்துத் தள்ளும். வழக்கமான பதிலுக்காக எல்லோரும் ஏலாதண்ணையைப் பார்த்தோம்.

"ஏலும்" என்றார்.

மனேச்சர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அண்ணை, உங்களுக்குச் சுகமில்லையோ?"

எனக்குக் காரணம் தெரியும். அந்த முனைக்கு முன்னால்தான் அவருடைய ஒரே மகனின் வள்ளம் கவிழ்ந்தது. உடல் கிடைக்கவில்லை. அங்கேயுள்ள வைரவர் கல்லடியில் பிள்ளைக்காக ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வரும்படி மனைவி கேட்டுக்கொண்டே இருந்தா. கச்சானுக்குப் பயந்து ஊர் வள்ளம் எதுவும் அங்கே ஒதுங்காது.

ரப்பர் படகுகளில் போனோம். கல்லடியில் கற்பூரம் எரியாமல் அந்த முனையில் ஒருவரும் மேலே ஏறக்கூடாது என்பது எங்களுக்கு வழி காட்ட வந்த குச்சவெளிப் படகுக்காரர்களின் கட்டுப்பாடு. அதனால் வெள்ளைக்காரர்கள் முழங்கால் தண்ணீரில் கமராவோடு நின்றார்கள். ஏலாதண்ணை கல்லடியில் குந்தினார். கொளுத்தினார், அணைந்தது. திரும்பவும் கொளுத்தினார், கற்பூரமே பறந்தது. ஒரு வெள்ளைக்கார அம்மா இரக்கப்பட்டுத் தன் குடையைப் பிடித்தா. குடை நிக்கோபார் தீவுப் பக்கம் புறப்பட்டுவிட்டது.

"அண்ணை, ஒரு தகரத்துக்குள்ள வைச்சுக் கொளுத்துங்கோ."

"வைரவரைத் தகரத்துக்குள்ள அடைக்க ஏலாது."

நெருப்புப்பெட்டி முடிந்தது. காற்று கூடுகிறது, திரும்பி வாருங்கள் என்று கப்பலிலிருந்து அறிவித்தார்கள். கரையில் ஒருவரும் ஏறவில்லை. இது ஏதோ உள்ளூர்ச் சடங்கு, நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். அதைப்போலக் கொடுமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

படகில் அவர் வெறும் நெருப்புப்பெட்டியைச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு கேட்டார்: "அவளுக்கு என்னத்தைச் சொல்லுறது?"

"எரிஞ்சதெண்டு சொல்லுங்கோ."

"கப்பல்காரருக்குப் பொய் சொல்லிப்போட்டன். அவளுக்குச் சொல்ல ஏலாது, தம்பி."

தனியே விட மனம் வராமல் லிங்கநகரில் உள்ள வீடு வரைக்கும் கூடவே போனேன். மனைவி படலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றா.

"எரிஞ்சதோ?"

அவர் வாயைத் திறக்க முதல் நான் முந்திக்கொண்டேன். "ஓம் அக்கா. கடைசி மட்டும் நிண்டு எரிஞ்சது. நான் பாத்தனான்."

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதா. இத்தனை காலமாக அடக்கி வைத்த அழுகை. ஏலாதண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த மனிதனுக்காக நான் இன்னும் எத்தனை பொய்யும் சொல்லுவேன்.