கமாவுக்குப் பிறந்த இருபத்திரண்டு பிள்ளைகள்

வவுனியாவில் என்னை விஞ்சிய கணினிக்காரன் இல்லை என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று இருந்தது. அம்மாவும் அப்படித்தான் நம்பினார். (அம்மாவுக்குக் கணினியைப் போடவும் தெரியாது, நிற்பாட்டவும் தெரியாது.) அந்த நம்பிக்கை ஒரு நாள் காலையில் ஒரேயொரு கமாவில் தடக்கி விழுந்து பல்லை உடைத்துக்கொண்டது.

முன்பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் அப்போது எனக்கு வேலை. சண்டை திரும்பவும் தொடங்கியிருந்த நேரம். பயிற்சி முடித்தால் வேலை நிச்சயம், பிள்ளைகளோடு தங்க இடமும் உண்டு என்பதால் சனம் வாசலை மொய்த்தது. துணையில்லாமல் பிள்ளை வளர்க்கும் பெண்களுக்கே முதலிடம். பிள்ளைகள் கூடக் கூட முன்னுரிமையும் கூடும். வருகிறவர்களிடம் பெயர், ஊர், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் கேட்டு இணையப் படிவத்தில் நான் பதிவேன். கொழும்புத் தலைமையகம் அங்கிருந்தே பார்க்கும்.

ஜசிந்தா அக்காவையும் அப்படித்தான் பதிந்தேன். நாயாற்றுக்காரி. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மூன்று பிள்ளைகளோடு நெளுக்குளத்தில் தங்கை வீட்டில் ஒண்டியிருந்தார். தங்கையின் புருஷனுக்கு முகம் கோணத் தொடங்கியிருந்தது.

"தம்பி, இது கிடைக்காட்டி பிள்ளையளோட எங்க போறதெண்டு எனக்குத் தெரியாது" என்றார்.

"யோசியாதேங்கோ அக்கா. உங்களுக்குக் கிடைக்காமல் வேற ஆருக்குக் கிடைக்கப்போகுது?" என்றேன். (வாக்குக் கொடுக்க நான் யார்? தட்டச்சு அடிக்கிறவன்.)

எங்கள் படிவத்தளம் இலவசமானது. மேலே கலியாண விளம்பரம் ஓடும், அடிக்கடி படுத்துவிடும். விண்ணப்பங்கள் முடிந்த கையோடு எல்லாவற்றையும் வேறொரு தளத்துக்கு மாற்றச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. புதியது தானே வரிசைப்படுத்தித் தருமாம்.

"இதென்ன பெரிய வேலை? தேத்தண்ணி ஆறமுதல் மாத்திப்போடுவன்" என்று கணக்காளர் பௌசர் நானாவிடம் பீற்றிக்கொண்டேன். பழைய தளத்திலிருந்து கோப்பாக இறக்கினேன், புதியதில் ஏற்றினேன். தேத்தண்ணி உண்மையிலேயே ஆறவில்லை.

திரையில் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகள் குப்பையாகக் கிடந்தன. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. நாங்கள் அடித்தது ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகம் போடும் பாமினி எழுத்துருவில்; அது இல்லாத இடத்தில் 'இந்திராணி' என்பது ",e;jpuhzp" என்றுதான் தெரியும். கொழும்பு எண்களைத்தானே பார்க்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

தெரிவுப் பட்டியல் வெறும் பதிவு எண்களாக வந்தது. காலையிலேயே சுவரில் ஒட்டினேன். பணிப்பாளர் மிஸ் கொழும்பிலிருந்து வந்து மத்தியானம் கடிதம் கொடுப்பார். நேரில் வாங்காதவரின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஜசிந்தா அக்கா பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். அழவில்லை, ஏசவில்லை. நேரே என்னிடம் வந்தார்.

"தம்பி, மூண்டு காணாதோ?"

எனக்கு விளங்கவில்லை.

"பிள்ளையள். மூண்டு காணாதோ? இன்னும் வேணுமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பேருந்துக்கு நடந்துவிட்டார். உள்ளே ஓடி, தெரிவானவர்களின் எண்களுக்குரிய பெயர்களைத் தேடி எழுதினேன். இந்திராணி. இராஜேஸ்வரி. இன்பராணி. இளவரசி. இமெல்டா.

பௌசர் நானா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, 'இ' வகுப்பு நடத்தப் போறியளோ?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, வியர்வை வந்தது. பாமினியில் 'இ' அடிக்கிற விசை கமா. பழைய தளம் ஒரு பதிலை அடுத்த பதிலிலிருந்து பிரிக்கப் போட்டதும் கமா. புதிய தளம், பாவம், பெயரின் முதல் எழுத்தையே வேலி என்று நினைத்துவிட்டது! பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. ஊரின் இடத்தில் 'ந்திராணி'. வயதின் இடத்தில் செட்டிகுளம். பிள்ளைகளின் இடத்தில் வயது. கலியாணமே ஆகாத இந்திராணிக்கு இருபத்திரண்டு பிள்ளைகள்! இராஜேஸ்வரிக்கு முப்பத்தொன்பது! (கொழும்பில் ஒருவருக்கும் இது வித்தியாசமாகப் படவில்லை. வன்னியைப் பற்றி என்னதான் நினைத்திருந்தார்களோ.)

வந்திறங்கிய மிஸ்ஸிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மத்தியானத்துக்குள்ள சரியான பட்டியலும் சரியான ஆக்களும் இங்க இருக்கவேணும். இல்லாட்டி நாளைக்கு நீர் வராதேயும்."

பட்டியலைத் திருத்தினோம். ஜசிந்தா அக்கா இரண்டாவதாக வந்தார். மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள், அக்கா மட்டும் இல்லையே! கையிலிருந்த தாளைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, நானாவின் மோட்டார் சைக்கிளில் பறந்தேன்.

சோதனைச்சாவடியில் மறித்தார்கள். முன்னால் வெகுநேரமாய் மறித்து வைத்திருந்த பேருந்திலிருந்து சனத்தை இறக்கி வரிசையில் விட்டிருந்தார்கள். ஆமிக்காரர் என் பையிலிருந்த தாளை எடுத்து விரித்தார். அது திருத்திய பட்டியல் அல்ல, கோப்பின் முதல் பக்கம். பக்கம் முழுக்கக் கமாவும் அரைப்புள்ளியும் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும்.

"இது என்ன?"

"தமிழ், சேர்."

"இது தமிழ்?" இன்னொருவரைக் கூப்பிட்டார். துவக்கின் குழல் என் பக்கம் கொஞ்சம் உயர்ந்தது.

"ஆக்களின்ர பேர், சேர். கமா எண்டால் இ. அரைப்புள்ளி எண்டால் எழுத்துக்கு மேல வைக்கிற குற்று..." விளக்க விளக்க அது இன்னும் பெரிய களவாகவே கேட்டது. அந்த நாட்களில் சட்டைப் பையில் ரகசியக் குறியீட்டோடு பிடிபட்டவன் வீட்டுக்குத் திரும்புவது நிச்சயமில்லை. நான் இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினேன்.

"இவரை ஆருக்குத் தெரியும்?" என்று அவர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். வரிசை நிலத்தைப் பார்த்தது. அப்படியான காலம், யாரையும் குறை சொல்ல முடியாது.

"எனக்குத் தெரியும்."

ஜசிந்தா அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தார். "பயிற்சி நிலையத்தில வேலை செய்யிற தம்பி. என்ர மூண்டு பிள்ளை காணாதெண்டு என்னைச் சேர்க்காம விட்டவர்."

"காணும் அக்கா! காணும்!" இரண்டு கைகளையும் உயர்த்தியபடியே கத்தினேன். "உங்களுக்கு இடம் கிடைச்சிட்டுது! எல்லாம் கமாவால வந்த வினை!"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆமிக்காரர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, மிஸ்ஸோடு நெடுநேரம் கதைத்து, கடைசியில் தாளை என்னிடம் நீட்டினார். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கடிதம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பெயரைக் கூப்பிட்டதும் நான்தான் அழுதேன், அவர் அழவில்லை.

இந்திராணி மட்டும் என்னை மூலையில் மறித்தாள். "இடம் போனாப் போகட்டும். எனக்கு இருபத்திரண்டு பிள்ளையெண்டு செட்டிகுளத்தில கதை பரவினா நீரோ வந்து கட்டுவீர்?" நான் தலையைக் குனிந்துகொண்டு நழுவினேன்.

என் கலியாணத்துக்கு ஜசிந்தா அக்கா வந்தார், முன்பள்ளி ஆசிரியையாக, மூன்று பிள்ளைகளோடும். வாழ்த்திவிட்டுச் சும்மா போயிருக்கலாம். என் மனைவியைப் பிடித்து வைத்து முழுக்கதையையும் சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் நாலாவது தோசைக்குச் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினால் குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வரும்: "ஏன் தம்பி, மூண்டு காணாதோ?"

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே "காணும், காணும்" என்பேன். கைகள் இரண்டும் தாமாகவே மேலே போயிருக்கும்.