அண்ணிக்குத்தான் அங்கிள்

“பிரெக்னன்சி கிட்டா? யாருக்கும்மா?”

ரெமிஜியஸ் அங்கிள் ஞாயிறு பூசையில் வாசகம் படிப்பவர். மைக் இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரல். ஆஸ்டின் டவுனில் அவருடைய மருந்துக்கடையில் நின்ற அத்தனை பேரும் மௌரீனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“அண்ணிக்குத்தான் அங்கிள்,” என்றாள் மௌரீன். அந்த அவசரத்தில் வாயில் வந்தது அதுதான்.

கிட் மௌரீனுக்கு. ஜனவரியில் அவளுக்கும் ரயானுக்கும் கல்யாணம். போன மாதம் சந்தாபுராவில், ரயான் வீட்டில் யாரும் இல்லாத ஒரு மதியம், இருவரும் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டார்கள். உடலுறவு வரை போகவில்லை. ஆனால் உடைகள் நாற்காலிமேல் கிடந்தன. இப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. இணையத்தில் தேடினால் ஒருவர் வாய்ப்பே இல்லை என்றார். இன்னொருவர் ஒரு துளி போதும் என்றார். மூன்றாமவர் நீச்சல்குளத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. “நாமதான் ஒண்ணுமே பண்ணலயே,” என்று தைரியம் சொன்ன ரயான், மணிக்கொரு தரம் “வந்துடுச்சா?” என்று மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான்.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் ரெமிஜியஸ் அங்கிளின் வாழ்த்து போனில் போய்ச் சேர்ந்துவிட்டது. வாசலிலேயே கேசரி வாசனை. மம்மி டோரதி, மருமகள் சோஃபியாவை சோபாவில் உட்காரவைத்துக் காலுக்குத் தலையணை வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஆஷ்லிக்கும் சோஃபியாவுக்கும் கல்யாணமாகி நாலு வருஷம். அந்த வீட்டில் சோஃபியாவுக்காக நடக்காத நவநாள் ஜெபம் இல்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள்.

“என்கிட்ட மறைச்சிட்டியே சோஃபி!” என்று டோரதி அவள் நெற்றியில் முத்தமிட்டாள். சோஃபியா பேந்தப் பேந்த விழித்தாள்.

“மம்மி, அது அண்ணிக்கு இல்ல. ஆஃபீஸ்ல ஒரு ஃப்ரெண்டுக்கு,” என்றாள் மௌரீன்.

“கண்ணு படும்னு மறைக்கிறீங்களா? மறைங்க. நானும் யார்கிட்டயும் சொல்லல,” என்றாள் டோரதி. அதற்குள் மைசூர் சித்திக்கும் பங்குச் சாமியாருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

“அப்படின்னா மொதல்ல டெஸ்ட் பண்ணிப் பாருங்களேன்!” என்றாள் மௌரீன். அதோடு எல்லாம் அடங்கிவிடும் என்று நினைத்தாள்.

டோரதி மகளின் பையிலிருந்த கிட்டை எடுத்துக்கொடுத்து மருமகளை பாத்ரூமுக்குள் தள்ளினாள். ஒரு கோடுதான் வந்தது, அதாவது கர்ப்பம் இல்லை. மௌரீனுக்கு இருந்த ஒரே கிட்டும் போயிற்று.

“ரெமிஜியஸ் பழைய ஸ்டாக்கைத் தலையில கட்டிட்டான்,” என்று டோரதி முடிவு கட்டினாள். “நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்.”

மறுநாள் குடும்பமே கிளினிக்கில் இருந்தது. “கூத்கொளி, கூத்கொளி,” என்று நர்ஸ் கன்னடத்தில் உட்காரச் சொல்லியும் டோரதி உட்காரவில்லை. டாக்டர் ஜெயலக்ஷ்மி பரிசோதித்துவிட்டு, “இல்லைங்க, இவங்க கர்ப்பமா இல்ல,” என்றார்.

டோரதியின் முகம் மாறிவிட்டது.

“நாலு வருஷம்! ஒரு புள்ளையப் பெத்துக் குடுக்கத் துப்பில்ல. இதுல ஊரைக் கூட்டி நாடகம் வேற!”

சோஃபியா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஆஷ்லி சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். அதற்குமேல் மௌரீனால் பொறுக்க முடியவில்லை.

“அண்ணிய ஒரு வார்த்தை சொல்லாதீங்க மம்மி. அந்தக் கிட் எனக்கு.”

டாக்டர் சட்டென்று, “எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் இவங்ககிட்ட தனியா பேசறேன்,” என்றார்.

“வேணாம் டாக்டர், இருக்கட்டும். ஒளிச்சு ஒளிச்சுத்தான் இவ்ளோ தூரம் வந்து நிக்கிது. நானும் ரயானும் ஒண்ணா இருந்தோம். ஆனா உள்ள போகல. மேலோட்டமா, அவ்வளவுதான். அதால குழந்தை உண்டாகுமா? எனக்குத் தெரியணும்.”

“பூசைக்குப் போற குடும்பம்டி!” என்று டோரதி தலையில் அடித்துக்கொண்டாள். “கேக்க வெக்கமா இல்ல?”

“இல்ல. யார்கிட்ட கேக்கிறது? சர்ச்ல சொல்லித் தரல. நீங்களும் சொல்லித் தரல. பயாலஜி மிஸ், அந்தப் பாடத்தை மட்டும் வீட்ல படிச்சிக்கோங்கன்னு பக்கத்தைத் திருப்பிட்டாங்க. இனிமே எனக்கு என் உடம்பைப் பத்தி எது தெரியலன்னாலும் கேப்பேன். சத்தமாத்தான் கேப்பேன்.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நல்ல கேள்விம்மா. ஸ்பெர்ம் உள்ள போனாத்தான் குழந்தை. துணி போட்டிருந்தா வாய்ப்பே இல்ல. துணி இல்லாம, விந்து சரியா வஜைனா வாசல்ல பட்டிருந்தா, வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. ஆனா அறவே இல்லன்னு சொல்ல முடியாது. அதனால டெஸ்ட் பண்ண நெனச்சது சரிதான். இனிமே அப்படிச் சந்தேகம் வந்தா, மூணு நாளைக்குள்ள, எவ்ளோ சீக்கிரம் முடியுமோ அவ்ளோ சீக்கிரம் எமர்ஜென்சி மாத்திரை எடுத்துக்கலாம்.”

மௌரீனுக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். அவளும் கர்ப்பமாக இல்லை.

“கவலைப்பட்டாலே நாள் தள்ளிப் போகும்மா. இன்னும் ஒரு வாரம் பாரு, வரலன்னா மறுபடி வா,” என்றார் டாக்டர். “மேலோட்டமா இருக்கறதோட நிறுத்திக்கிட்டா, அப்படிக் குழந்தை உண்டாகறது ரொம்ப அபூர்வம்.”

மௌரீன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். டோரதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான், நேற்றிலிருந்து வாயே திறக்காத சோஃபியா, ஆஷ்லியை ஒரு பார்வை பார்த்துவிட்டு நாற்காலியை டாக்டர் பக்கம் நகர்த்தினாள்.

“டாக்டர், நாங்க நாலு வருஷமா அதோடதான் நிறுத்திக்கிறோம். அதுக்கு மேல ஏதாவது இருக்கா?”