இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் ஒரு மாமனார்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, நீங்கள் கொடுத்த போன் மூவரும் சுகம். எனக்குச் சளி, அத்தைக்கு முழங்கால் வலி, போன் எழுபத்திரண்டில் இருக்கிறது. அங்கே நீங்களும் என் மகளும் நேற்றுப் பிறந்த பேத்தியும் நன்றாக இருப்பதை உங்கள் வாயாலேயே கேட்டுவிட்டதால், நலம் அறிய ஆவல் என்று எழுதினால் அது பொய். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மத்தியானம் நான் ஏன் போனை எடுக்கவில்லை என்பதுதான் விஷயம். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் தொண்டை அடைக்கிறது. பாதி சளி, மீதி வேறு. சளியோடு பச்சைக் குழந்தை பக்கம் தலை காட்டக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டுவிட்டதால், நாளைக் காலை பஸ்ஸில் அங்கே வரும் அவள் கையிலேயே இதை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்கமாட்டாள், கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

போன வருடம் உங்கள் பழைய போனை எனக்குக் கொடுத்தபோது, பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது மாமா, இருபதுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், எண்பதுக்கு மேலே ஏற்றாதீர்கள், சூடாக விடாதீர்கள், இன்னும் ரொம்ப நாள் உழைக்கும் என்றீர்கள். நீங்கள் போகிற போக்கில் சொன்னீர்கள், நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆயுசு முழுக்கச் சாய ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கும் இறங்கக்கூடாது, மேல்கோட்டையும் தாண்டக்கூடாது. தாண்டினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆள் இருக்காது. அப்படிப்பட்டவனிடம் ரெண்டு கோடு போட்டு ஒரு பொருளைக் கொடுத்தால் அவன் சும்மா இருப்பானா? கண்ணை இமை காப்பதுபோல் காத்தேன். எண்பது வந்ததும் பிடுங்கினேன். எனக்குத் தெரியாமல் யாரும் ஏற்றக்கூடாது என்று சார்ஜரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ஒருநாள் போன் சூடாக இருக்கிறதே என்று பிரிட்ஜில் காய்கறித் தட்டில் வைத்தேன், அந்த நேரம் பார்த்து நீங்கள் கூப்பிட, முட்டைகோஸ் மணியடிக்கிறது என்று அத்தை கதவைத் திறக்கவே பயந்துவிட்டாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் மூஞ்சிய ஒருநாளாவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா"ன்னு அவ கேட்டா. நியாயமான கேள்விதான், அப்போது போன் இருபத்திரண்டில் இருந்ததால் பதில் சொல்ல நேரமில்லை. அதைவிட மோசம், போன மாதம் என் மகள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, இருபத்தொண்ணு ஆயிடுச்சும்மா, வையின்னு வச்சவன் நான். அவ சரிப்பான்னு வச்சுட்டா. அது இப்போது குத்துகிறது.

நேற்று நடந்ததைக் கேளுங்கள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது என்ற தைரியத்தில், மத்தியானம் சாப்பிட்டு, எண்பதில் பிடுங்கின போனை அலமாரியில் வைத்துவிட்டு, சளி மாத்திரை போட்டுப் படுத்தேன். எழுந்து பார்த்தால் போன் கரிக்கட்டை. அத்தையைக் காணோம். சார்ஜரைச் சொருகினேன், அசைவில்லை. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. கால்ல ஒண்ணு என் செருப்பு, இன்னொண்ணு அத்தை செருப்பு, அப்படியே தெருமுனை ரிப்பேர் கடைக்கு ஓடினேன். கடைக்காரரிடம் பாய்லர் கதை மொத்தத்தையும் சொன்னேன். அவர் பாவம், வேறு எவர் போனையோ குடலைப் பிரித்து வைத்துக்கொண்டு, உட்காருங்க சார் என்று ஒரு முக்காலியைக் காட்டினார். அவருடைய வயரில் கொஞ்ச நேரம் கிடந்தபின் போன் விழித்தது. ரெண்டு காட்டியது. கூடவே நீங்கள் கூப்பிட்ட அழைப்புகள் மழை மாதிரி கொட்டின. சார்ஜில் இருக்கும்போது பேசக்கூடாது என்பது நானே போட்ட சட்டம், ரெண்டில் பேசுவதோ மகா பாவம். பேசினேன் மாப்பிள்ளை.

"பொண்ணு மாமா. ஆபரேஷன் பண்ணித்தான் எடுத்தாங்க, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றீர்கள். வயிற்றில் பால் வார்த்தீர்கள். அந்த முக்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன், கடைக்காரர் போனுக்காக அழுகிறேன் என்று நினைத்து, புது பேட்டரி மாத்திடலாம் சார், அழாதீங்க என்றார். அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பா குரலைக் கேட்டுட்டு உள்ளே போறேன் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். நீங்கள் ரத்தத்துக்கும் மருந்துக்கும் ஓடின ஓட்டத்தில் எனக்கு அடித்துக்கொண்டே இருந்தீர்களாம், முதலில் வேறொருவருடன் பேசுகிறார் என்றும், அப்புறம் அணைந்துவிட்டது என்றும் வந்ததாம். நீங்கள் திரும்பி வருவதற்குள் அவளை உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். போன் அலமாரியில், நான் கட்டிலில், அது யாரோடு பேசும்? பேட்டரிக்கு அந்திமக் காலம் வந்தால் போன் தானாகப் பேசும்போலும். எப்படியோ, என் குரலைக் கேட்காமலே என் பிள்ளை உள்ளே போனாள். போனுக்கு ஆயுசு சேர்த்தேன், எதற்குச் சேர்த்தேன் என்று தெரியவில்லை. அத்தையிடம் இதை நான் சொல்லவில்லை, நீங்களும் சொல்லவேண்டாம்.

நல்லபடியாகப் பிழைத்து வந்தாளே, அது போதும். இனி சார்ஜர் கூடத்திலேயே தொங்கும், யார் வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். மகளை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசச் சொல்லுங்கள். உங்களுக்கும் அவளுக்கும் என் ஆசிகள். பேத்தி நூறைத் தொடட்டும், எண்பதோடு நிறுத்துவதெல்லாம் போனுக்குத்தான்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: மாப்பிள்ளை, இது அத்தை. பஸ்ல பிரிச்சுப் படிச்சுட்டேன். முந்தாநேத்து மத்தியானம் அந்தப் போன்ல பேசினது நான்தான். நீங்க மருந்துக்கு ஓடினப்ப அவளே தன் போன்ல இருந்து கூப்பிட்டா. முகத்தைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் பேசினோம், எண்பதும் அதுலதான் கரைஞ்சுது. அப்பா எங்கம்மான்னா. மாத்திரை போட்டுத் தூங்குறாரு, எழுப்பட்டுமான்னேன். வேணாம், எழுந்தா எத்தனை பர்சன்ட்னுதான் முதல்ல கேப்பாரு, நீ போனை மட்டும் அவர்கிட்ட பிடின்னா. பிடிச்சேன். சளி மூக்கோட குறட்டை, அவரோட பாய்லர் தோத்துது. நர்ஸ் வந்து கூப்பிடுற வரைக்கும் அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டே இருந்தா. போதும்மா, போயிட்டு வரேன்னா. அதோட போன் அணைஞ்சுது. சார்ஜரோ அவர் தலைக்கு அடியில. மேல் வீட்டுல போன் கேக்கலாம்னு ஏறினேன், அங்க பூட்டு, இறங்கி வந்தா இவரையும் காணோம், என் ஒத்தைச் செருப்பையும் காணோம். சார்ஜைத் தீர்த்தது நான்னு சொன்னா ஒரு மாசம் பாய்லர் கதை கேக்கணுமேன்னு வாயைத் திறக்கல. இவர் மனசுல இப்படி ஒண்ணு கிடக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்பா சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் உள்ள போனேன்னு அவளையே இன்னிக்கு அவர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. எந்தப் போன்ல அவ கேட்டான்னு அவருக்குக் கேக்கத் தோணாது, அழுதுக்கிட்டு இருப்பாரு.