ஈறு கட்டிய கீபோர்டு

நாடகம் ஆறு மணிக்கு. சரியாக ஐந்து மணிக்குக் கீபோர்டில் ஒரு கட்டை உள்ளே போனது, திரும்பி வரவில்லை.

பல்செட்டுக்காரர் அதை விரலால் நெம்பினார். நகத்தால் நெம்பினார். கட்டை ‘ம்ம்ம்’ என்று பல்வலிக்காரனைப் போல் முனகிக்கொண்டே கிடந்தது.

“என்னங்க அது, மாடு கத்துற மாதிரி?” திரைக்குப் பின்னாலிருந்து மனைவி கேட்டாள்.

“ஒண்ணுமில்ல. ஒரு கட்டை மாட்டிக்கிச்சு. அஞ்சு நிமிஷ வேலை.”

இருபது வருஷக் குடித்தனத்தில் அவருடைய ஐந்து நிமிஷ வேலைகளுக்கு இரண்டு மின்விசிறி, ஒரு மிக்ஸி, அவள் அம்மா வீட்டு வாசல் பூட்டு ஆகியவை பலியாகியிருந்தன.

பகலில் அவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். மாலையில் அந்தப் பேட்டையின் சமுதாயக்கூட நாடகக் குழுவுக்குக் கதை, வசனம், இசை, இயக்கம் எல்லாம் அவரே. ‘திரும்பாத கப்பல்’ என்ற இந்த இசை நாடகத்தை மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தார். கப்பல் தலைவன் ஒருவன் கடலுக்குப் போகிறான். அவன் மனைவி துறைமுகத்தில் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் பதினான்கு பாட்டு.

கூடத்தின் செயலாளர் போன மாதமே கறாராகச் சொல்லிவிட்டார்: “நூறு பேராவது வரணும் சார். இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து சனிக்கிழமை டேபிள் டென்னிஸ்காரங்களுக்கு.”

போன நாடகத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர். அதில் நான்கு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

ஆகவே இன்று கட்டை மாட்டிக்கொள்ள நல்ல நாள் இல்லை. பல்செட்டுக்காரர் தன் தொழில் பெட்டியைத் திறந்தார். மெழுகு செதுக்கும் கத்தியை நுழைத்து ஒரே நெம்பு. கட்டை மேலே வந்தது. முனகல் நின்றது. ஆனால் இப்போது அது ஆடும் பல்லாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது.

ஆடும் பல்லைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பல்செட்டுக்கு ஈறு செய்கிற இளஞ்சிவப்புப் பொடியைச் சின்னக் கிண்ணத்தில் கொட்டி, திரவம் விட்டுக் குழைத்து, கட்டையின் அடியில் ஒரு சொட்டு வைத்தார். அழகாகத்தான் வைத்தார். சொட்டு கொஞ்சம் இளக்கமாக இருந்ததால் இந்தப் பக்கத்துக் கட்டையையும் அந்தப் பக்கத்துக் கட்டையையும் விசாரித்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் மூன்று வெள்ளைக் கட்டைகளும் இளஞ்சிவப்பு ஈறோடு ஒரே துண்டாக நின்றன. அவர் ஆயுளில் செய்த பல்செட்டுகளில் அதுதான் கச்சிதம் என்று சொல்ல வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்றும் அலறின.

தாளக்காரரான தையல் மாஸ்டர் எட்டிப் பார்த்தார். “அண்ணே, இது சிரிக்குது.”

“மாஸ்டர், நீங்க உங்க டிரம்மைப் பாருங்க.”

“பாக்குறேன். இருந்தாலும் சிரிக்குது.”

பல்செட்டுக்காரர் யோசித்தார். அந்த மூன்று கட்டைகளையும் தொடாமல் வாசிக்க ஒரு வழி இருந்தது. எல்லாப் பாட்டையும் மூன்று சுரம் மேலே ஏற்றிவிட்டால் விரல்கள் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. நாயகியாக நடிக்கும் மருந்துக்கடை அம்மாவிடம் போய்ச் சொன்னார். அம்மாவுக்கு ஐம்பது வயது. பகலெல்லாம் டாக்டர்கள் கையெழுத்தைப் படித்துப் படித்து, எதற்கும் பதறாமல் பழகிப்போனவர்.

“மூணு சுரம்தானே? சரிங்க சார்,” என்றார், புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டே.

கப்பல் தலைவன்தான் சிக்கல். அவன் பல்செட்டுக்காரருடைய மனைவியின் தம்பி. பேருந்து ஓட்டுநர். குரலும் அப்படியே, இரண்டாவது கியருக்கு மேல் ஏறாது.

“மாமா, அந்த உயரத்துக்கு எனக்கு ஏணி வேணும்.”

“முயற்சி பண்ணு மாப்ள.”

அவன் முயற்சி பண்ணினான். ஒப்பனை அறையில் எல்லோரும் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சரி, நீ பாடாத. பேசு,” என்றார் பல்செட்டுக்காரர். “உன் பாட்டையும் அம்மாவே பாடிடுவாங்க.”

“புருஷன் பாட வேண்டியத பொண்டாட்டி எதுக்குப் பாடுறா?” என்று மனைவி கேட்டாள். அவள்தான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவள். நியாயம் இல்லாத இடத்தில் அவளுக்கு வசனம் நிற்காது.

“அவன் சொன்னதெல்லாம் அவ ஞாபகம் வச்சுப் பாடுறா.”

“புருஷன் சொன்னத ஞாபகம் வச்சுக்கிட்டா?” என்றாள் அவள். “யாரு நம்புவா?”

அடுத்து தையல் மாஸ்டர் கையைத் தூக்கினார். கப்பல் தலைவனின் வாய் மூடும் இடத்தைப் பார்த்துத்தான் அவர் தாளத்தை மாற்றுவார். தையல் மிஷின் மிதித்த கால், தானாக நிற்கத் தெரியாது. பாட வாயே திறக்காதவன் எங்கே மூடுவான்? அதனால் மனைவி திரை ஓரத்திலிருந்து கைக்குட்டையை ஆட்ட வேண்டும் என்று முடிவாயிற்று. ஒரு கையில் வசனப் புத்தகம், ஒரு கையில் கைக்குட்டை. “மூக்கு அரிச்சா யாரு சொரிவாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

மணி ஐந்தே முக்கால். ஒரு கட்டையில் ஆரம்பித்த கோளாறு இப்போது கீபோர்டு, நாயகன், தாளம், குடும்பம் நான்கையும் பிடித்திருந்தது. பல்செட்டுக்காரர் பதினொரு பேரையாவது பார்த்து ஆறுதல் அடையலாம் என்று திரையின் ஓட்டையில் கண்ணை வைத்தார்.

வைத்த கண்ணை எடுக்கவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. இரண்டு பக்கச் சுவர் ஓரமும் ஆட்கள் நின்றார்கள். பின்வரிசையில் நாற்காலி இல்லாமல் ஜன்னல் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். வேலைக்குப் போய்விட்டு நேராக வந்த முகங்கள், குழந்தையைத் தோளில் போட்ட பெண்கள், முழங்காலில் ஃபைல் வைத்திருக்கும் பெரியவர்கள். எல்லோரும் மூடியிருந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் கதவருகில் நின்று விரல் நீட்டி எண்ணிக்கொண்டே போய், பாதியில் எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பல்செட்டுக்காரர் ஒருவழியாக ஓட்டையை விட்டு விலகினார். மைத்துனனை இழுத்துக் காட்டினார்.

“இவ்வளவு பேரா மாமா?” அவன் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. “நிறைய பேர் ஃபைல் வச்சிருக்காங்க.”

“குறிப்பு எடுப்பாங்க போல. விஷயம் தெரிஞ்ச ஆளுங்க.”

“ஒருத்தர் பாட்டில்ல கலங்கலா தண்ணி வச்சிருக்கார்.”

“டீயா இருக்கும். பேசாத, போய் நில்லு.”

மனைவியும் வந்து ஓட்டையில் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதைச் செய்வது இதுதான் இரண்டாம் முறை.

திரை விலகியது.

கப்பல் தலைவன் மூட்டையோடு நின்றான். “போய்ட்டு வர்றேன்” என்றான். பேருந்து ஓட்டுபவனுக்கு அந்த வசனம் இயல்பாக வந்தது. மருந்துக்கடை அம்மா அவனைப் பார்த்தார். அவன் நடந்து மறைந்தான். இப்போது முதல் பாட்டு.

பல்செட்டுக்காரர் விரலை மேலே கொண்டுபோனார்.

ஈறு செய்கிற பொடி காய்ந்து இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். இது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சுருக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் ஊருக்குப் பல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்றைக்குத்தான் மறந்துபோனார். அவர் விரல் எதையும் தொடுமுன், இளஞ்சிவப்புத் துண்டு தன் போக்கில் சுருங்கி, மூன்று கட்டைகளையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொண்டது.

பூம் என்று ஒரு சத்தம். துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் சங்கு ஊதிக் கிளம்புகிற சத்தம் அப்படியே. சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. யாரோ “அடேயப்பா” என்றார்.

கப்பல் கிளம்பிவிட்டது. ஆனால் போக மாட்டேன் என்றது. அரை நிமிஷம் ஊதியது. ஒரு நிமிஷம் ஊதியது. பல்செட்டுக்காரர் கத்தியைத் தேடினார், அது ஒப்பனை அறையில் இருந்தது. ஒலியைக் குறைக்கும் பொத்தானைத் திருகினார், அது கையோடு வந்துவிட்டது. மனைவி பதற்றத்தில் கைக்குட்டையை ஆட்ட, தையல் மாஸ்டர் அதைச் சைகை என்று எடுத்துக்கொண்டு கடலில் புயலே கிளப்பிவிட்டார்.

“ஒயரப் புடுங்குங்க,” என்றாள் மனைவி, கடைசி வரிசைக்குக் கேட்கும் ரகசியக் குரலில்.

பிடுங்கினார். கப்பல் நின்றது. மாஸ்டரும் நின்றார். பல்செட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒயரைத் திரும்பச் செருகினார். விளக்கு எரியவில்லை. சத்தம் இல்லை. கீபோர்டு செத்துப்போயிருந்தது. பதினான்கு பாட்டும் அதற்குள்ளேயே போய்விட்டன.

அந்த நிசப்தத்தில்தான் அது நடந்தது. இருட்டுக்குள் ஒரு செல்போன் வெளிச்சம் போட்டது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு பத்து, ஐம்பது. கூடம் முழுக்க முகங்கள் நீலமாக ஒளிர்ந்தன. எல்லோரும் குனிந்து போனைப் பார்த்தார்கள்.

முடிந்தது என்று நினைத்தார் அவர். இருட்டில் மனிதர்கள் போனை எடுத்துவிட்டால், அடுத்து எடுப்பது செருப்பைத்தான். மூன்று வருஷம். எட்டு மாத ஒத்திகை. டேபிள் டென்னிஸ் பந்து சுவரில் படும் சத்தம் இப்போதே அவருக்குக் கேட்டது.

மருந்துக்கடை அம்மா இவர் பக்கம் திரும்பவே இல்லை. கப்பல் போன திசையைப் பார்த்துக்கொண்டு, சுருதி யாரிடமும் கேட்காமல், பாட ஆரம்பித்தார்.

*நீ போன திசையில்தான்*
*என் ஜன்னல் இருக்கிறது…*

உரத்த குரல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவரிடம் மட்டும் சொல்கிற குரல். ஆனால் அது ஜன்னல் மேடை வரை போய், அங்கே இருந்தவர்களின் காதருகிலும் உட்கார்ந்து சொன்னது. மூன்று சுரம் மேலே ஏற்றிய இடத்தில் குரல் மெலிந்தது. அறுந்துவிடும் என்று எல்லோரும் மூச்சை நிறுத்திய இடத்தில் அது அறாமல் நின்றது. நின்று, மெல்ல இறங்கி வந்து, காத்திருக்கிறவள் வீட்டுக்குள் திரும்புகிற மாதிரி அடங்கியது.

பல்செட்டுக்காரர் செத்த கீபோர்டின் மேல் இரண்டு கையையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக இந்தப் பாட்டை வாரத்துக்கு மூன்று நாள் கேட்டிருக்கிறார். இல்லை, கேட்டதில்லை. தன் வாசிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் இப்படி ஒன்று இருந்தது இன்றுதான் தெரிந்தது. இதையா நாம் எழுதினோம் என்று இருந்தது. எழுதியது நாம்தான், ஆனால் இது நம்முடையது இல்லை என்றும் இருந்தது.

சபையைப் பார்த்தார். போன் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டிருந்தன. கடைசியாக ஓரத்தில் ஒன்று மிச்சமிருந்தது. அதையும் யாரோ கையால் மூடினார்கள்.

அதற்குப் பிறகு அந்த நாடகம் அவர் எழுதியபடி நடக்கவில்லை. மாஸ்டர் டிரம்மை விட்டுவிட்டு மேடைப் பலகையை விரலால் தட்டினார். பலகை தண்ணீர் மோதுகிற சத்தம் கொடுத்தது. வசனம் எடுத்துக் கொடுக்க வேண்டிய மனைவி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் ஒவ்வொரு துடைப்புக்கும் தாளத்தை மாற்றினார், அதுவும் பொருந்தியது. பேச மட்டும் சொல்லியிருந்த மைத்துனன், ஏழாவது பாட்டில் தன்னை மறந்து திரைக்குப் பின்னாலிருந்து கூடச் சேர்ந்து பாடினான். இரண்டாவது கியரில்தான். தூரத்துக் கடலிலிருந்து ஒருவன் பதில் சொல்வதாகவே கேட்டது. மருந்துக்கடை அம்மா ஒரு கணம் உண்மையிலேயே திடுக்கிட்டுத் திரும்பினார். சபையில் ஒரு பெரியவர் வாய்விட்டு அழுதார்.

எட்டு மணிக்குத் திரை மூடியது. சத்தமே இல்லை. பல்செட்டுக்காரர் மனதுக்குள் பத்துவரை எண்ணினார். பிறகு கைதட்டல் கேட்டது. திரையை மறுபடி விலக்கியபோது உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் இல்லை, எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

செயலாளர் மேடைக்கு வந்தார். “இருநூத்தி ஆறு பேர் சார். ரெண்டு தடவ எண்ணினேன்.” கொஞ்சம் தயங்கினார். “மூணாவது தடவ எண்ணத் தோணல, பாட்டு ஆரம்பிச்சிடுச்சு. சனிக்கிழமை உங்களுக்குத்தான்.”

கூடம் காலியான பிறகு பல்செட்டுக்காரர் நாற்காலிகளுக்கு நடுவே மெல்ல நடந்தார். மக்கள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. நான்காவது வரிசையில் ஒரு ஃபைல் கிடந்தது. எடுத்தார். விமர்சனம் எழுதியிருப்பார்களோ என்ற சபலத்தில் திறந்தார்.

‘குடிநீர் சரிவர வராதது குறித்த மனு’ என்றிருந்தது. கீழே பதினேழு கையெழுத்து. மேலே இன்றைய தேதி, பொதுமக்கள் குறைதீர் கூட்டம், மாலை ஆறு மணி, சமுதாயக்கூடம்.

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஃபைல்கள். கலங்கல் தண்ணீர். இருநூற்றி ஆறு பேர்.

தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வேகமாகத் திரும்பி வந்தாள். “அது என்னோடதுங்க, மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்.”

அவர் எழுந்து ஃபைலை நீட்டினார். முகத்தைப் பார்க்க முடியவில்லை. “மன்னிச்சுக்கங்கம்மா. கூட்டம்னு நினைச்சு எல்லாரும் இங்க வந்து மாட்டிக்கிட்டீங்க. யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்போம்.”

அவள் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழந்தை எழுந்துவிடாமல் மெதுவாகச் சொன்னாள்:

“மாட்டிக்கலைங்க, கூட்டம் அடுத்த தெரு ஸ்கூல்லன்னு அந்தம்மா பாட வாயெடுக்கும்போதே எல்லார் போனுக்கும் மெசேஜ் வந்திடுச்சு, ஒருத்தரும் எழுந்திரிக்கல.”