நீர்கொழும்பில் டீமேக்கர் துப்பிய டீ

நீலகிரியில் விளைந்த டீயில் பாதியை ஜனங்கள் குடித்தார்கள், மீதியை எங்கள் டீமேக்கர் துப்பினார். மிகையென்று நினைப்பவர்கள் கட்டபெட்டுப் பக்கம் எங்கள் ஃபேக்டரியில் ஒரு நாள் அவரோடு இருந்திருக்க வேண்டும். ஒரு கரண்டி எடுப்பார், பக்கத்து எஸ்டேட்டுக்குக் கேட்கும்படி உறிஞ்சுவார், வாயில் உருட்டுவார், தொட்டியில் துப்புவார். தூளின் தரத்துக்குப் பொறுப்பான டீமேக்கர் ருசி பார்க்க அதுதான் முறை. அந்தப் பழக்கத்தை அவர் ஃபேக்டரியிலேயே விட்டுவிட்டு வராததுதான் கோளாறு. பெண் பார்க்கப் போன வீட்டிலும் ஜன்னல் வழியாகத் துப்பினாராம். அப்படியும் பெண் கொடுத்திருக்கிறார்கள், பாவம்!

இப்பேர்ப்பட்டவரோடுதான் மேனேஜர் என்னை இலங்கைக்கு அனுப்பினார், அங்கே ஓடும் புது இயந்திரம் ஒன்றைப் பார்த்துவர. நான் வேலை நிரந்தரமாகாத குமாஸ்தா. சொன்ன தேதியில் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு வேலை தேடிக்கொள் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

கடைசி நாள் ஓய்வு. நீர்கொழும்புக்குப் போய்க் காலையெல்லாம் ஊர் சுற்றினோம். தேவாலயம், பழைய கோட்டை, மீன் சந்தை என்று நான் வாய் பிளந்து பார்த்தேன். அவரோ கடலை ஒரு தரம் எட்டிப் பார்த்து, ஈரக்காற்று இலைக்கு ஆகாது என்று சொல்லித் திரும்பிவிட்டார். இரண்டு மணிக்குக் கொழும்பு பஸ். அதை விட்டால் ரயில் இல்லை, ரயிலை விட்டால் தலைமன்னாரில் கப்பல் இல்லை, என் வேலையும் இல்லை.

ஒன்றரைக்கு பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடைக்குள் நுழைந்தோம். கடைக்கார அம்மாள் கோப்பையை வைத்தாள். நான் தடுப்பதற்குள் அவர் உறிஞ்சினார், உருட்டினார், அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் துப்பினார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலு மீனவர்கள் எழுந்தார்கள். அந்த அம்மாள், பாஸ்போர்ட்டுகள் இருந்த எங்கள் பையை எடுத்துக் கல்லாவுக்குள் போட்டுப் பூட்டினாள்.

"என்ட கடையில துப்புறீங்களே, நான் என்ன நஞ்சா தந்தனான்?"

மன்னிப்புக் கேளுங்கள் என்று அவர் காதைக் கடித்தேன். அவர் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ஏனுங்கம்மா, டீத்தூளைக் கருவாட்டுக்குப் பக்கத்துல வெச்சிருக்கீங்களாங்க?"

தொலைந்தோம் என்று நினைத்தேன். ஒரு மீனவர் சட்டைக் கையை மடித்தார். ஆனால் அந்த அம்மாள் முகம் மாறியது. உள்ளே போனாள். டீமேக்கரும் கூடவே போனார். எட்டிப் பார்த்தால், டீத்தூள் டின்னுக்கு மேல் பலகையில் ஒரு கூடை கருவாடு! டீத்தூள் பக்கத்திலிருக்கும் வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று விளக்கி, பிரிக்காத பொட்டலம் ஒன்றைக் கேட்டு வாங்கி, தானே டீ போட்டு மூடி வைத்தார்.

மணி இரண்டுக்கு ஐந்து. எதிரே பஸ் ஹாரன் அடித்தது. ஊற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அஞ்சு நிமிசம் ஊறினால்தான் டீயாம். அந்த நேரம் அவர் கழுத்தை நெரிக்காமல் விட்டது என் பெற்றோர் வளர்த்த விதம்.

அம்மாள் ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு கல்லாவைத் திறந்து பையைக் கொடுத்தாள். நகர ஆரம்பித்த பஸ்ஸை அந்த மீனவர்களே குறுக்கே நின்று நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார்கள்.

உட்கார்ந்ததும் வாயில் வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"பயந்துட்டேன் தம்பி, உங்க வேலை போயிருமோன்னு."

"அப்புறம் எதுக்குங்க அந்த அஞ்சு நிமிசம்?"

"அவசரப்பட்டு ஊத்தியிருந்தா டீ நல்லாருக்காதுங்க. நல்லால்லைன்னா அந்தம்மா பையைக் குடுத்திருக்குமா?"

சுடுகிற மூடியின்மேல் வைத்திருந்த அவர் உள்ளங்கை சிவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எழுந்து, "இப்படி வாங்கண்ணா" என்று கடல் தெரிகிற ஜன்னலோரத்தில் அவரை உட்காரவைத்தேன்.