கோடு போட்டுக் கெடுத்த கல்யாணம்

என் கல்யாணத்தை எவனும் மொட்டைக் கடுதாசி போட்டுக் கெடுக்கவில்லை. நானேதான் கெடுத்தேன். அதுவும் இங்கிலீஷ் பேசி.

எண்பதுகளின் தொடக்கம். பி.ஏ. முடித்துவிட்டு வேப்பந்தட்டையில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்தேன். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா வந்தார். அந்த நாட்டுப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் சொந்தபந்தங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று படித்தவர். நம் முறைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வந்திருந்தார். மொழிபெயர்க்க ஆள் தேவை. நான் சேர்ந்துகொண்டேன்.

முதல் நாளே அட்டையில் எழுதிக் காட்டினார். எட்சி என்றால் என் அம்மா. எடோடா என்றால் என் அப்பா. வெறும் அம்மா கிடையாது, யாருடைய அம்மா என்பதும் சொல்லோடு ஒட்டியே வருமாம். அவர்கள் எழுத்தும், நம் க, கி, கு போல, ஓசைக்கு ஒன்றாம். அம்மாவின் அக்காவும் அங்கே எட்சிதானாம். (நம் பெரியம்மா! இதைக் கேட்டபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.) பிறகு என் வீட்டு ஆட்களின் பெயர்களைக் கேட்டு, ஒரு தாளில் கோடு போட்டு எழுதி வைத்துக்கொண்டார்.

அப்போது எனக்குத் திருமழபாடியில் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெயர் செல்வி. தையில் கல்யாணம். அவளை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. என் இங்கிலீஷை அவள் கேட்க வேண்டாமா? அந்த அம்மாவை பஸ் ஏற்றி நேரே அவள் வீட்டுக்கே கூட்டிப்போனேன்.

"வாங்க மாப்ளே, வாங்க" என்றார் செல்வியின் அப்பா. செல்வி சமையல்கட்டு வாசலில் நின்றாள். நான் தேவையில்லாமல் கத்திக் கத்தி இங்கிலீஷ் பேசினேன். அந்த அம்மா கேட்கச் சொன்னதைச் செல்வியின் அப்பாவிடம் கேட்டு, புதுத் தாளில் நானே கோடு போட்டேன்.

"உங்க அம்மா பேரு?"

"பொன்னாத்தா. பொறந்த ஊரு குரும்பலூரு."

"அவங்க கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா, கண்ணாத்தா. ஒரு காதுத் தோட்டுக்காகச் சண்டை போட்டுக்கிட்டு, சாவுற வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சில முழிக்கல. அந்தம்மாவை எங்க கட்டிக்குடுத்தாங்கன்னுகூட எங்களுக்குத் தெரியாது."

குரும்பலூர்க் கண்ணாத்தாள் என் அப்பாவைப் பெற்றவள். எனக்குத் தெரியும். ஆனால் என் மூளை அப்போது சமையல்கட்டு வாசலில் கிடந்தது.

அந்த அம்மா என் வீட்டுத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். கண் விரிந்தது. படபடவென்று பேசினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மொழிபெயர்த்தேன்.

"அக்கா தங்கச்சி பெத்த பிள்ளைங்க அண்ணன் தம்பி முறை. அப்படின்னா எங்க அப்பாவும் நீங்களும் அண்ணன் தம்பி. உங்க பிள்ளைங்க…"

அங்கேதான் வாய் நின்றது.

செல்வியின் அப்பா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் உனக்குச் சித்தப்பாவாடா?" மரியாதை அந்த நிமிடமே போய்விட்டது.

செல்வி உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். "குடிங்கண்ணே" என்றாள்.

அரியலூர் வரும்வரை அந்த அம்மா பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.

செல்வியை அரியலூரில் கட்டிக்கொடுத்தார்கள். அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அண்ணன் சீரை நான்தான் தூக்கிப் போனேன். அவள் பிள்ளைகளுக்குக் காது குத்தியதும் என் மடியில்தான். எந்த விசேஷத்திலும் புது ஆள் வந்தால் போதும், என் மனைவி முந்திக்கொள்வாள்:

"ஊர்ல எல்லாரும் பொண்ணு பேசி மாப்பிள்ளை ஆவாங்க. எங்க வூட்டுக்காரரு தாய்மாமன் ஆயிட்டு வந்தாருங்க!"