மாவிலை இல்லாத ஊரில் ஒரு தோரணம்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மொன்றியலுக்கு வந்து டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கினேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் பலசரக்குக் கடை போட்டேன். லாசாலில் வீடு வாங்கி, நிலவறைக்கு நானே பலகை அடித்தேன் (கதவு மட்டும் இன்றுவரை பூட்டுப்படாது). இப்படிப்பட்டவனுக்கு ஒரு தோரணம் கட்டத் தெரியாதா?

இரண்டாயிரங்களின் நடுவில் ஓர் இலையுதிர் காலத்தில் மகள் சுகந்திக்குக் கலியாணம். மாப்பிள்ளை லூக், கியூபெக் பையன். அவனுடைய தாய்க்குப் பழங்காலப் பைத்தியம். இருநூறு வருடத்துக்கு முந்திய நாட்டுப்புறக் கலியாணம் போல இருக்கவேண்டும் என்று, நகருக்கு வெளியே ஒரு பண்ணைக் கொட்டகையைப் பிடித்தார். வைக்கோல் கட்டு, வண்டிச் சில்லு, லாந்தர், பூசணிக்காய். (மாட்டுக்கொட்டிலிலா தாலி என்று என் மனைவி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.)

"அப்பா, வாசல் மட்டும்தான் உங்கடை பொறுப்பு. மானத்தை வாங்கிப்போடாதேங்கோ," என்றாள் மகள்.

வாசலென்றால் மாவிலை. மொன்றியலில் மாமரத்துக்கு எங்கே போவது? வியாழக்கிழமை, கொட்டகையின் பின்வேலியில் ஒரு கொடியைக் கண்டேன். அப்படியொரு சிவப்பு, மாவிலை போலவே மினுக்கம். ஏன் மூன்று மூன்றாக இலை? பனி கொட்டினால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் யோசித்தேன். அதைச் சுற்றி மட்டும் ஏன் ஒருவரும் புல் வெட்டவில்லை என்பதை யோசிக்கவில்லை.

லூக்கைக் கூப்பிட்டேன். மாடிக் குடியிருப்பில் வளர்ந்த பிள்ளை.

"தம்பி, இது என்ன இலை?"

"தெரியாது மாமா. வடிவு!" (அழகாம். அவனுக்குத் தெரிந்த இருபது தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.)

இருவரும் இருந்து பின்னேரம் வரை கோத்து, கொட்டகை வாசலில் கட்டினோம்.

சனிக்கிழமை, கலியாணத்தன்று காலை, என் கைகள் பேக்கரிப் பணிஸ் போல வீங்கிக் கொப்பளித்திருந்தன. லூக்கின் விரல்கள் வெள்ளரிக்காய். அவனுடைய தாய் வாசலைப் பார்த்துப் போட்ட கூச்சலில் பறவைகள் கிளம்பின. தொட்டால் உடம்பெல்லாம் கடித்துச் சொறியவைக்கிற நச்சுக்கொடியாம். தோரணத்தை வைக்கோல் அள்ளும் நீண்ட முட்கரண்டியால் இழுத்து விழுத்தினார்கள்.

முகூர்த்தத்துக்கு ஒரு மணித்தியாலம். சுகந்தி அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"அப்பா, இந்த விரலோடை அவர் என்னெண்டு முடிச்சுப் போடுறது?"

சம்பந்தியம்மா தன் பழங்காலச் சாமான் பெட்டியைத் திறந்து இரண்டு சோடி வெள்ளைக் கையுறை எடுத்தார். ஒன்று மாப்பிள்ளைக்கு, மற்றது கன்னிகாதானம் கொடுக்கும் எனக்கு. மூன்று முடிச்சும் ஒருவழியாக விழுந்தன.

"எத்தினை கலியாணம் செய்து வைச்சிட்டன்," என்றார் ஐயர். "கையுறையோடை தாலி கட்டினவரை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

இன்றும் எந்த விசேஷத்தில் நான் ஒரு பூவைத் தொட்டாலும், "மாமா, கையுறை!" என்று லூக் கத்துவான். வீடே சிரிக்கும்.

சிரிக்கட்டும். பிறகொருநாள் சம்பந்தியம்மாவே புத்தகத்தில் பார்த்துச் சொன்னார், அந்தக் கொடியும் மாமரமும் ஒரே குடும்பமாம்! இத்தனை படித்தவர்கள் இருக்கும் மொன்றியலில், மாவிலையின் சொந்தக்காரனைத் தேடிப்பிடித்தவன் யார்? கலியாண ஆல்பத்தில் "அலங்காரம்: மாப்பிள்ளையின் தாயார்" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, "வாசல்: பெண்ணின் தகப்பனார்" என்று எழுதியே ஆகவேண்டும்.